இருட்டில்லாத ஊரில் 'கேம் ஓவர்'

'கேம் ஓவர்' படத்தின் கடைசி அரைமணி நேரத்தைப் பற்றி எங்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு, தோன்றும்போது படம் பார்க்கிற சிறு கூட்டம் எங்களுடையது. ரோலிங் மில்லில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞர், சிப்காட் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கும் பெண், பிறகு நான். நல்ல படம் என்பதில் ஐந்து பேருக்கும் சந்தேகமில்லை. எதனால் நல்ல படம் என்று கேட்டபோதுதான் குரல்கள் உயர்ந்தன.

அஸ்வின் சரவணன் இயக்கி, காவ்யா ராம்குமாருடன் சேர்ந்து எழுதிய இந்தப் படம் 2019 ஜூனில் வந்தது. அந்த ஜூனில் பூண்டி, புழல், சோழவரம் ஏரிகள் வறண்டு கிடந்தன; திருவள்ளூர் மாவட்டத்து வயற்கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் சென்னைக்கு ஓடிக்கொண்டிருந்தன. காலிக் குடத்தைவிடப் பெரிய பேய் அப்போது ஊரில் இல்லை. அதனால் நாங்கள் இதை வெகுநாள் கழித்துத்தான் பார்த்தோம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டாப்ஸி நடித்த ஸ்வப்னா வீடியோ கேம் வடிவமைப்பவள். கலாம்மா என்ற பணிப்பெண்ணின் துணையோடு தனி வீட்டில் வாழ்கிறாள். ஒரு வருடத்துக்கு முன் ஒரு புத்தாண்டு இரவில் அவள்மீது பாலியல் வன்முறை நடந்திருக்கிறது. அன்றிலிருந்து இருட்டு அவளுக்கு ஆகாது. அந்தத் தேதி நெருங்க நெருங்க உடம்பும் மனமும் குலைகின்றன. கையில் குத்திக்கொண்ட டாட்டூ வலிக்கிறது. விசாரித்தால், கொலையுண்ட அமுதா என்ற பெண்ணின் அஸ்திச் சாம்பல் தவறுதலாக அந்த மையில் கலந்திருந்தது தெரியவருகிறது. கால்கள் முறிந்து அவள் சக்கர நாற்காலியில் இருக்கும்போது, அமுதாவைக் கொன்ற அதே முறையில் கொல்ல வீட்டுக்குள் ஆட்கள் நுழைகிறார்கள். அவள் சாகிறாள். சாவதற்கு முந்தைய கணத்துக்குத் திரும்பி மறுபடி எழுகிறாள். கையில் மொத்தம் மூன்று உயிர்.

என் வாதம் இதுதான். உளவியல் திகில் படத்துக்கு மூச்சு சந்தேகம். நடப்பதெல்லாம் அவள் மனத்துக்குள்ளா, வெளியிலா என்று பார்ப்பவனுக்குக் கடைசிவரை தெரியக்கூடாது. 1965இல் ரோமன் போலன்ஸ்கி எடுத்த 'ரிபல்ஷன்' படத்தில் ஒரு பெண் தன் அடுக்ககத்தில் தனியாக இருக்கிறாள். சுவர் விரிகிறது, சுவரிலிருந்து கைகள் நீள்கின்றன. சுவருக்குள் யாரும் இல்லை என்று நமக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கைகளை நாமும் பார்த்துவிட்டோம். 'கேம் ஓவ'ரின் முதல் பகுதி அந்த உயரத்தைத் தொடுகிறது. ஸ்வப்னாவின் எதிரி அங்கே மின்விளக்கின் சுவிட்சுக்கும் அவள் விரலுக்கும் இடையிலுள்ள தூரம்தான். டாப்ஸி அந்தத் தூரத்தைத் தோளாலும் கழுத்தாலும் நடித்துக் காட்டுகிறார். கொலைகாரர்கள் வாசலுக்கு வந்ததும் சந்தேகம் செத்துப்போகிறது. மிச்சப் படம் வீட்டைக் காப்பாற்றும் சாகசம்.

குவாலிட்டி பிரிவுப் பெண் அதுவரை பேசாமல் இருந்தாள். "கொலைகாரன் வரலன்னா அவ பைத்தியம்னு ஆயிடும்ணா. அதான் உங்களுக்கு நல்ல படமா?" என்றாள்.

அன்றைய கூட்டத்தில் பேசியவற்றில் இதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. பி ஷிப்ட் இரவு பத்துக்கு விடுகிறது. கம்பெனி பஸ் அவளை ஜிஎன்டி சாலையில் இறக்கிவிடும்போது பதினொன்று நெருங்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு நடை. எந்த டீக்கடை எத்தனை மணிக்குச் சாத்துகிறது, எந்தத் தெருவிளக்கு எரியாது, எந்த இடத்தில் லாரிகள் வரிசையாக நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். யாரும் அழைக்காத செல்போனில் பேசிக்கொண்டே நடப்பாளாம். இந்தப் பயத்தை எந்த மருத்துவரும் நோய் என்று எழுத முடியாது. அது அவள் சேர்த்துவைத்த தகவல். ஸ்வப்னாவின் பயமும் அப்படித்தான், ஒருமுறை உண்மையாகிவிட்ட பயம். அது மறுபடியும் உண்மையாகலாம் என்று படம் சொன்னால் அதில் என்ன பொய் என்பது அவள் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தொழிற்சாலையிலேயே வைத்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. மானுடவியலாளர் ஐவா ஓங் 1987இல் வெளியிட்ட நூலில் மலேசியாவின் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த மலாய்ப் பெண்களைப் பற்றி எழுதினார். 1978இல் சுங்கை வே என்ற இடத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஆலையில், நுண்ணோக்கிப் பிரிவில் ஏறத்தாழ 120 பெண்களுக்கு ஒரே சமயத்தில் ஆவி பிடித்தது. ஆலையை மூன்று நாள் மூட வேண்டியதாயிற்று. உள்ளூர் மாந்திரீகர் ஒருவரை வரவழைத்து ஆலை வளாகத்திலேயே ஆடு பலிகொடுத்தார்கள். நிர்வாகம் இதையெல்லாம் கூட்டு மனப்பிறழ்வு என்று வகைப்படுத்தி மாத்திரை கொடுத்தது. நுண்ணோக்கியில் கண் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த பெண்கள் அதற்குள் பேய் முகத்தைப் பார்த்தார்கள் என்பதை எப்படி வேண்டுமானாலும் விளக்கலாம். ஆனால் 'உன் மனத்துக்குள்தான்' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதில் குழப்பமே இல்லை. ஆடி மாதத்தில் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் வாய் திறக்காத மருமகள் அங்கே வேப்பிலை கட்டிக்கொண்டு சாமி வந்து ஆடும்போது மாமியார் கைகட்டிக் கேட்பார்.

2021 டிசம்பரில் நம் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் செல்போன் செய்யும் பெண்கள் பலர் திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி வட்டாரத்து விடுதிகளில் தங்கியிருந்தார்கள். ஒரு விடுதிச் சாப்பாட்டில் 150க்கும் மேற்பட்டோருக்கு உடல்நலம் கெட்டது. மருத்துவமனைக்குப் போன சிலரைப் பற்றிச் சேதி வரவில்லை. செத்துவிட்டார்கள் என்ற பேச்சு விடுதி விடுதியாகப் பரவியது. பெண்கள் நள்ளிரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை, வதந்தி பொய். ஆனால் அந்தப் பயம் வெளிக்கொண்டுவந்தது பொய்யல்ல: விடுதிகளின் சாப்பாடும் தங்குமிடமும் தரத்துக்குக் கீழே இருந்ததை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது, ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. ஆகவே பயந்தவள் சொல்வது சம்பவ அளவில் பிழையாக இருக்கலாம். அவள் இருக்கும் இடத்தைப் பற்றி அவள் சொல்வது பெரும்பாலும் சரி.

இந்த அளவுக்குக் குவாலிட்டி பிரிவுப் பெண்ணின் பக்கம் வருகிறேன். இதற்கு மேல் வர ஒரு தடை இருக்கிறது. அதற்கு முன் ஆசிரியர் சொன்ன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொலைகாரர்கள் யார், ஏன் கொல்கிறார்கள் என்று படம் சொல்லவே இல்லை, அது பெரிய ஓட்டை என்று மில் பெரியவர் குறைப்பட்டார். ஆசிரியர் அதைப் படத்தின் உச்சம் என்றார். அவர் கையோடு பட்டியலும் வைத்திருந்தார். 1978இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்': பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கும் திலீப்புக்கு ஒரு சிறுவயதுக் கதை உண்டு, அதில் குற்றவாளிகள் பெண்கள். 1980இல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி': சந்துரு கொலை செய்வதற்கும் ஒரு சிறுவயதுக் கதை, தாய் பட்ட பாடு. 2011இல் கௌதம் மேனனின் 'நடுநிசி நாய்க'ளிலும் கொலைகாரனின் குழந்தைப் பருவத்துக்குத்தான் நம்மைக் கூட்டிப்போனார்கள். தமிழில் உளவியல் என்றால் ஆணின் உளவியல். கொன்றவனின் மனத்துக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, செத்தவளைக் கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். பெண்ணின் மனத்துக்குள் போன பெரிய படம் 2005இன் 'சந்திரமுகி'. அங்கேயும் கங்காவுக்கு என்ன ஆயிற்று என்பதை நமக்கு விளக்குகிறவர் டாக்டர் சரவணன். அவளை ஒருமுறைகூட யாரும் கேட்கவில்லை.

'கேம் ஓவர்' இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியிருக்கிறது. கொலைகாரனுக்குச் சிறுவயது கிடையாது, நியாயம் கிடையாது. வந்தான், அவ்வளவுதான். மனம் முழுக்க அவளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாற்பது வருடம் கொலைகாரர்களின் அம்மாக்களைப் பற்றிக் கேட்டுச் சலித்தவன் என்ற முறையில் இதற்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். கடைசியில் பைக்கில் வந்து காப்பாற்ற ஆண் யாரும் இல்லை என்பதையும் ஆசிரியர் சேர்த்துக்கொண்டார். சரி. பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமைச் சம்பவம் வெளியே தெரிந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரத்தில் இந்தப் படம் திரைக்கு வந்ததையும் மறக்கக்கூடாது. காணொளியாகத் தன் அவமானம் ஊரெங்கும் கைமாறும் என்ற பயத்தோடு பெண்கள் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

என் தடை சாம்பலைப் பற்றியது. திருவள்ளூர்க்காரனுக்கு அமாவாசை என்றால் வீரராகவர் கோயில் குளம். நோய் தீர வெல்லம் கரைப்பார்கள். தை அமாவாசை அன்று பிதுர்கடனுக்கு வரும் கூட்டத்தில் தெருவில் கால் வைக்க முடியாது. நோயோ, இறந்தவர் நினைவோ, எதுவானாலும் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பதே எங்கள் பக்கத்துப் பழக்கம். அப்படி வளர்ந்தவனுக்கு, செத்தவளின் சாம்பல் உயிரோடிருப்பவளின் தோலுக்கடியில் கரையாமல் தங்கிவிட்டது என்பதைவிடக் கலக்கம் தரும் செய்தி எது? இந்தப் படத்தின் நிஜமான திகில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அமுதாவின் அம்மா ஸ்வப்னாவைச் சந்திக்கும் காட்சி படத்திலேயே ஆகச் சிறந்தது. தன் மகளில் மிஞ்சியது இந்த அந்நியப் பெண்ணின் மணிக்கட்டில் இருக்கிறது. அதைத் தொடலாமா என்றுகூட அந்த அம்மாவுக்குத் தெரியாது. படம் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் திரைக்கதைக்கு அவசரம். சாம்பல் சீக்கிரமே ஒரு வசதியாகிவிடுகிறது: வலித்து எச்சரிக்கிறது, செத்தால் திருப்பி அனுப்புகிறது. புற்றுநோயோடு போராடி மீண்டு, பிறகு கொல்லப்பட்ட அமுதாவுக்கு மிஞ்சிய வேலை இன்னொருத்திக்குத் துணைபோவது. பயம் தகவல் என்று குவாலிட்டி பிரிவுத் தோழியைப் பற்றிச் சொன்னேனே, அந்தத் தகவலை ஸ்வப்னா தன் அனுபவத்திலிருந்து எடுக்கவில்லை. அமானுஷ்யம் அதைக் கையில் எழுதிக் கொடுக்கிறது. கொலைகாரன் வந்தது எனக்குப் பிரச்சினை இல்லை. அவன் வருவதை எதிர்கொள்ள அவளுடைய ஒரு வருடத்து வேதனை போதாது என்று படம் நினைத்ததுதான் பிரச்சினை.

முகாம் இளைஞர் படத்தின் நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டார். கும்மிடிப்பூண்டி முகாமில் உள்ள பல குடும்பங்கள் 1990 வாக்கில் கடல் தாண்டி வந்தவை. ஜூலை வந்தால் அவருடைய பாட்டி பொழுது சாய்ந்ததும் கதவைத் தாழிட்டுவிடுவாராம். டிவி போடக்கூடாது, யாராவது வெளியே போனால் திரும்பும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாராம். 1983 ஜூலைக் கலவரம் பற்றி வாயே திறந்ததில்லை. படத்தில் மனநல மருத்துவர், சம்பவம் நடந்த தேதி நெருங்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு அதே அறிகுறிகள் திரும்பி வரும் என்று விளக்கியபோது, இளைஞர் மற்றவர்களைவிட நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. பெயர் வைத்ததற்கு நன்றி என்றுதான் அவரும் ஆரம்பித்தார். பிறகு சொன்னார்: "ஆனா இவளுக்கு ஒரு தெருவே இல்லையேண்ணா. எங்க லைன்ல ராத்திரி ஒருத்தர் கத்தினா பத்து வீட்ல விளக்குப் போடுவாங்க."

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தமிழர் மனங்களில் விட்டுப்போன காயங்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவர் தொடர்ந்து வலியுறுத்திய ஒன்று உண்டு: இந்தக் காயத்தைத் தனி ஆளின் நோயாக மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன, சேர்ந்தே ஆற வேண்டியிருக்கிறது. 'கேம் ஓவர்' காயத்தைக் கச்சிதமாகத் தனி வீட்டுக்குள் பூட்டிவிடுகிறது. மருத்துவம் என்றால் கண்ணில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவி. சுற்றம் என்றால் குற்றம் சொல்பவர்கள். திகில் படத்துக்குத் தனி வீடு வசதி என்பது தெரிந்ததே. கண் தெரியாத பெண்ணை அறைக்குள் வைத்து 1967இல் 'வெயிட் அன்டில் டார்க்' எடுத்தார்கள், காது கேளாத பெண்ணைக் காட்டு வீட்டில் வைத்து 2016இல் 'ஹஷ்' எடுத்தார்கள். சக்கர நாற்காலியும் அந்த வரிசையில்தான் வருகிறது. எனக்கு அதில் புதுமை தெரியவில்லை. உடல் இயலாமையைப் பதற்றத்துக்கான பொறியாகப் பயன்படுத்துவது சுலபமான வேலை.

அப்புறம் கலாம்மா. வினோதினி வைத்தியநாதன் அந்தப் பாத்திரத்தை அலட்டலில்லாமல் செய்திருக்கிறார். ஒரே வீடு, ஒரே இரவு, ஒரே கொலைகாரர்கள். ஆனால் உயிர்க்கணக்கு ஸ்வப்னாவின் மணிக்கட்டில் மட்டும் இருக்கிறது. கலாம்மாவின் கையில் டாட்டூ இல்லை. ஆட்டம் திரும்பத் தொடங்கினால் அவளும் எழுவாள், தொடங்காவிட்டால் இல்லை. அவளுடைய பயம் எது, அவளைத் தேடி யார் வருவார்கள் என்று படம் கேட்டுக்கொள்ளவில்லை. விபத்து நடந்த மறுநாள் அதே மெஷினில் வேறொரு ஆளை நிறுத்துகிற ஊரில் உட்கார்ந்து பார்க்கும்போது இது உறுத்தத்தான் செய்யும். படமெடுத்தவர்கள் வேண்டுமென்று செய்ததில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மில் பெரியவருக்கு எங்கள் சண்டை எதுவும் பிடிபடவில்லை. அவருக்கு இருட்டைக் கண்டு பயப்படுவதே விசித்திரமாக இருந்தது. இந்த ஊரில் இருட்டு எங்கே இருக்கிறது? இண்டக்‌ஷன் ஃபர்னஸ்கள் ராத்திரி முழுக்க எரிகின்றன. சிப்காட் பக்கம் வானம் சிவந்தே கிடக்கிறது. தெற்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், அதற்கடுத்து 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். மாநிலத்துக்கே வெளிச்சம் அனுப்புகிற மாவட்டம். (2012 மின்வெட்டில் நாங்களும் மணிக்கணக்கில் விசிறிமட்டையோடுதான் உட்கார்ந்திருந்தோம் என்பது தனிக்கதை.) "எனக்கு இருட்டுன்னா ஆசைப்பா. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து ஜன்னல்ல சாக்கு தொங்கவுட்டுக்கினு படுக்கிறேன். அப்பவும் வெளிச்சம் வருது" என்றார். உங்களுக்குப் பயமே கிடையாதா என்று கேட்டோம். இருக்கிறது என்றார். மில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சத்தம் நின்றால். மின்சாரம் போயிருக்கலாம், கம்பி சிக்கியிருக்கலாம், ஆள் சிக்கியிருக்கலாம். எதுவென்று தெரியும்வரை உள்ள அந்த நேரம்.

அவர் சொன்ன பிறகு படத்தின் ஒலியை வேறுவிதமாக யோசித்தேன். ரான் ஈத்தன் யோஹானின் இசை அடங்கிக் கிடக்கும் இடங்களில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கொலைகாரர்கள் வந்தபிறகு எல்லாம் உரக்கக் கேட்கிறது, பயமும் குறைகிறது.

ஜெனிஃபர் கென்ட் 2014இல் எடுத்த ஆஸ்திரேலியப் படம் 'தி பாபடூக்' இந்தச் சிக்கலை வேறு வழியில் முடித்தது. கணவனை இழந்த பெண்ணின் துக்கம் அங்கே பூதமாக வருகிறது. கடைசியில் அவள் அதைக் கொல்வதில்லை. வீட்டின் நிலவறையில் இருக்க விட்டு, கீழே போய் இரை வைத்துவிட்டு வருகிறாள். 'கேம் ஓவர்' எதிரிகளைத் தீர்த்துக்கட்டி, புத்தாண்டைப் பிறக்கவைத்து, ஸ்வப்னாவை ஜெயிக்கவைக்கிறது. தியேட்டரில் விசில் அடித்திருப்பார்கள். நான் அங்கே பார்த்திருந்தாலும் அடித்திருப்பேன். ஆனால் அவளை உண்மையில் சிதைத்தவன் அந்த வீட்டுக்குள் வரவே இல்லை. அவன் வேறெங்கோ நலமாக இருக்கிறான். அவள் கொன்றது வேறு ஆட்களை. அடுத்த டிசம்பரில் அந்தத் தேதி மறுபடி வருமே, அப்போது என்ன செய்வாள்? படம் அதை யோசித்திருந்தால் கடைசிக் காட்சி வேறு மாதிரி இருந்திருக்கும்.

தோழியிடம் இதைச் சொன்னேன். "ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும்ணா, விடுங்க" என்றாள். அவள் பி ஷிப்ட்டிலிருந்து அந்த வாரம்தான் ஏ ஷிப்ட்டுக்கு மாறியிருந்தாள். விடிகாலை நாலரைக்கு எழ வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

என் தீர்ப்பு: தமிழில் ஒரு பெண்ணின் பயத்தை அவள் தோலுக்குள்ளிருந்து காட்டிய படங்களில் 'கேம் ஓவ'ரின் முதல் ஒரு மணி நேரத்துக்கு இணை எனக்குத் தெரிந்து இல்லை. பின்பாதி திறமையான விளையாட்டு, அதற்குமேல் இல்லை. அஸ்வின் சரவணனுக்கும், அடுத்த திகில் படத்துக்கு ஈசிஆர் பக்கம் பங்களா தேடிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருமுறை சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி வாருங்கள். இரவு பதினொரு மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிற ஒருத்தியின் இருபது நிமிடத்தை மட்டும் படமாக்குங்கள். கொலைகாரன் வர வேண்டியதில்லை, சாம்பலும் வேண்டாம். அவளுக்கு இருப்பது ஒரே உயிர் என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.